கன்டெய்னருக்குள் எஸ்இலினக்ஸ் ஏன் 'டிஸேபிள்டு' என்கிறது?

கேள்வி இதுதான். ஒரு ஃபெடோரா லினக்ஸ் சர்வர். ஹோஸ்ட்டில், அதாவது அந்த இயந்திரத்திலேயே, எஸ்இலினக்ஸ் (எந்த ப்ராசஸ் எதைத் தொடலாம் என்று கெர்னலில் விதி போடும் பாதுகாப்பு அடுக்கு) என்ஃபோர்சிங், அதாவது விதியை மீறினால் தடுக்கும் நிலை. அதில் போட்மேன் என்ற கருவி கொண்டு ஒரு கன்டெய்னரை, அதாவது தனி அறை போலப் பிரித்து ஓட்டும் ப்ராசஸ்களை, தொடங்கி, உள்ளே போய் எஸ்இலினக்ஸின் நிலையைக் காட்டும் 'கெட்என்ஃபோர்ஸ்' கட்டளையைக் கொடுத்தால் 'டிஸேபிள்டு' என்று வருகிறது. பாதுகாப்பு போய்விட்டதா? ப்ராசஸ் எண்களுக்கு, நெட்வொர்க்குக்கு, பயனர்களுக்கு எல்லாம் நேம்ஸ்பேஸ் (கன்டெய்னருக்கென்று தனிப் பார்வை தரும் கெர்னல் வசதி) இருக்கும்போது எஸ்இலினக்ஸுக்கு மட்டும் ஏன் இல்லை? போட்டுவிட அவ்வளவு கஷ்டமா?

பாதுகாப்பு போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, 'எப்படியும் வேலை செய்யவில்லையே' என்று ஹோஸ்ட்டிலும் எஸ்இலினக்ஸை அணைத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கன்டெய்னருக்குள் இருக்கும் கருவிகள், எஸ்இலினக்ஸின் கோப்பு முறைமை தங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்றுதான் பார்க்கின்றன. போட்மேன் அதை வேண்டுமென்றே மறைத்து வைக்கிறது. தெரியவில்லை என்றதும் 'டிஸேபிள்டு' என்று பதில் வந்துவிடுகிறது. ஹோஸ்ட்டுக்கு வந்து, ப்ராசஸ்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளையை லேபிளோடு (எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கோப்புக்கும் ஒட்டும் சீட்டு) ஓட்டிப் பாருங்கள். அதே ப்ராசஸ் 'கன்டெய்னர்_டி' என்ற டைப்போடு, பின்னால் சி123, சி456 என்பது போல இரண்டு கேட்டகரி எண்களோடு ஓடிக்கொண்டிருக்கும். கேட்டகரிகள் மொத்தம் 1024. அவற்றில் வெவ்வேறான இரண்டை எடுத்துச் சேர்த்தால் 5,23,776 ஜோடிகள் கிடைக்கும். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு ஜோடி. பக்கத்துக் கன்டெய்னரின் கோப்பைத் தொடப் போனால் டைப் ஒத்துப்போனாலும் ஜோடி ஒத்துப்போகாது, கெர்னல் மறுத்துவிடும். 2019-இல், கன்டெய்னர்களைத் தொடங்கும் ரன்சி என்ற நிரலில் வெளியான பெரிய ஓட்டையில், உள்ளிருந்து ஹோஸ்ட்டின் ரன்சி பைனரியையே மேலெழுத முடிந்தது. ஆனால் ரெட்ஹேட் இயந்திரங்களில் எஸ்இலினக்ஸ் என்ஃபோர்சிங்கில் இருந்தால் அந்தத் தாக்குதல் தடுக்கப்பட்டது. காரணம் இந்த லேபிள்தான்: 'கன்டெய்னர்_டி'க்கு அந்த பைனரியில் எழுத அனுமதி கிடையாது.

சரி, அப்படியென்றால் கன்டெய்னரிடம் ஏன் மறைக்க வேண்டும்? மறைக்காவிட்டால் உள்ளே இருப்பவை எஸ்இலினக்ஸ் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். உள்ளே சிஸ்டம்டி (லினக்ஸில் முதலில் ஓடி மற்ற சேவைகளைத் தொடங்கும் நிரல்) ஓடினால், பூட் ஆகும்போது அது செய்யும் முதல் வேலைகளில் ஒன்று எஸ்இலினக்ஸ் பாலிசியை, அதாவது விதித் தொகுப்பை, கெர்னலில் ஏற்றுவது. கெர்னலில் இருப்பதோ ஒரே ஒரு பாலிசி. கன்டெய்னர் ஏற்றினால் ஹோஸ்ட்டின் பாலிசி போய் கன்டெய்னரின் பாலிசி வந்துவிடும். பேக்கேஜ் நிறுவும் கருவிகளும் கோப்புகளுக்கு லேபிள் போட முயலும், மறுப்பு வரும், நிறுவல் பாதியில் நிற்கும். அதனால் கன்டெய்னருக்குள் எஸ்இலினக்ஸே இல்லை என்று காட்டிவிடுவதுதான் இப்போதைக்கு வசதியான வழி.

இதில் நாம் இழப்பது என்ன? கன்டெய்னரின் உள்பக்கத்தை. வெளியிலிருந்து பார்த்தால் மொத்தக் கன்டெய்னரும் ஒரே 'கன்டெய்னர்_டி'. அதற்குள் வெப் சர்வர், டேட்டாபேஸ், லாக் எழுதும் ப்ராசஸ், இன்னொரு சேவை என நான்கு இருந்தால், நான்கும் எஸ்இலினக்ஸ் கண்ணுக்கு ஒன்றுதான். தனி இயந்திரமாக இருந்திருந்தால் வெப் சர்வர் டேட்டாபேஸின் கோப்பைத் தொடவே முடியாது. ஒரு முழு இயங்குதளத்தையே கன்டெய்னராக ஓட்டுபவர்களுக்கு இது பெரிய இழப்பு. ஆண்ட்ராய்டை எடுத்துக்கொள்ளுங்கள். 5.0 முதல் அது முழுக்க என்ஃபோர்சிங்கில் ஓடுகிறது, அதன் பாதுகாப்பு வடிவமைப்பே எஸ்இலினக்ஸ் மேல் நிற்கிறது. அதை வேறொரு லினக்ஸ் மேல் கன்டெய்னராக வைத்தால், அதன் பாலிசியை எங்கே ஏற்றுவது?

இங்கேதான் நேம்ஸ்பேஸ் தேவைப்படுகிறது. தமிழில் பெயர்வெளி என்றும் எழுதுகிறார்கள், நான் பழகிய சொல்லையே எழுதுகிறேன். லினக்ஸில் மவுன்ட் நேம்ஸ்பேஸ் 2002-இலேயே வந்துவிட்டது. ப்ராசஸ் எண்களுக்கான பிஐடி, நெட்வொர்க் இரண்டும் 2.6.24 வாக்கில், யூசர் நேம்ஸ்பேஸ் 2013-இல் 3.8 பதிப்பில் முழுமை பெற்றது, டைம் நேம்ஸ்பேஸ் 2020-இல் 5.6 பதிப்பில். இவை எல்லாவற்றிலும் அடிப்படை யோசனை ஒன்றுதான். பிஐடி நேம்ஸ்பேஸைப் பார்த்தால் தெளிவாகப் புரியும். கன்டெய்னருக்குள் 1 என்ற எண்ணோடு இருக்கும் ப்ராசஸ், ஹோஸ்ட்டில் 48,211 ஆக இருக்கலாம். ப்ராசஸ் ஒன்று, எண் இரண்டு. கெர்னல் ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு எண்ணை அந்த ப்ராசஸோடு கட்டி வைத்திருக்கிறது, 32 மட்டங்கள் வரை அடுக்கலாம். வெளியே இருக்கும் தந்தை நேம்ஸ்பேஸ், உள்ளே இருக்கும் குழந்தையில் இருப்பதைப் பார்க்கும், குழந்தையால் தந்தையைப் பார்க்க முடியாது.

இதையே எஸ்இலினக்ஸுக்கும் செய்துவிடலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மற்ற நேம்ஸ்பேஸ்களுக்கும் எஸ்இலினக்ஸ் செய்யும் கட்டாய அணுகல் கட்டுப்பாட்டுக்கும் நடுவே ஒரு அடிப்படை மோதல் இருக்கிறது. நேம்ஸ்பேஸ் என்பது 'உனக்குத் தனி உலகம் தருகிறேன், அதற்குள் நீயே ராஜா' என்ற வாக்குறுதி. கட்டாய அணுகல் கட்டுப்பாடோ அதற்கு நேர் எதிர். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே இருந்தாலும் இந்த விதியிலிருந்து விலகிப் போக முடியாது என்பதுதான் அதன் உயிர். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை எஸ்இலினக்ஸை வெளியிட்டதே இதற்காகத்தான். கோப்பின் உரிமையாளர் விருப்பப்படி அனுமதி கொடுக்கும் பழைய யூனிக்ஸ் முறைக்கு மேலே, உரிமையாளராலும் மாற்ற முடியாத ஒரு அடுக்கு வேண்டும் என்பது அவர்களின் வாதம். 'நான் புது நேம்ஸ்பேஸுக்குப் போகிறேன், இனி என் பாலிசி இதுதான்' என்று ஒரு ப்ராசஸ் சொல்ல முடிந்தால், கட்டாயம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

ஆகவே எஸ்இலினக்ஸ் நேம்ஸ்பேஸில் மாற்றவே கூடாத விதி ஒன்று உண்டு. குழந்தையின் பாலிசி தந்தையின் பாலிசிக்குப் பதிலாக வரக் கூடாது, அதற்கு மேலே கூடுதலாகத்தான் வர வேண்டும். ஒரு செயலைச் செய்ய வேண்டுமென்றால் குழந்தை 'சரி' சொல்ல வேண்டும், தந்தையும் 'சரி' சொல்ல வேண்டும், தாத்தா இருந்தால் அவரும் சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மறுப்புதான். குழந்தை தன் பாலிசியில் எதை வேண்டுமானாலும் தாராளமாக அனுமதித்துக்கொள்ளட்டும், ஹோஸ்ட் கொடுக்காத எதுவும் அதற்குக் கிடைக்காது. இந்த ஒரு விதியை இறுகப் பிடித்துக்கொண்டால் வடிவமைப்பின் பாதி தானாக வந்துவிடும். மீதிப் பாதியில்தான் இத்தனை வருடமும் போயிருக்கிறது.

அந்த மீதிப் பாதி என்னவென்று, கோப்பைத் திறக்கும் ஒரே ஒரு 'ஓபன்' அழைப்பை வைத்துப் பார்ப்போம். கன்டெய்னருக்குள் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் தன் அமைப்புக் கோப்பைத் திறக்கிறது. எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒரே மாதிரியான கேள்வி: யார், எதன் மேல், எந்த வகைப் பொருள், என்ன செயல்? ஹோஸ்ட்டின் பார்வையில் 'யார்' என்பது 'கன்டெய்னர்_டி', 'எதன் மேல்' என்பது 'கன்டெய்னர்_ஃபைல்_டி', கேட்டகரி ஜோடி ஒன்றுதான், ஆகவே அனுமதி. இப்போது குழந்தையின் பாலிசியில் கேட்கிறோம். 'யார்' என்பது 'ஹெச்டிடிபிடி_டி'. அதில் சிக்கல் இல்லை. பிஐடிக்கு இரண்டு எண் வைத்தது போல, ப்ராசஸுக்கு மட்டத்துக்கு ஒரு லேபிள் என்று வைத்துக்கொள்ளலாம். ப்ராசஸ் நேம்ஸ்பேஸுக்குள் பிறக்கிறது, அங்கேயே சாகிறது. ஆனால் 'எதன் மேல்' என்பது? குழந்தையின் பாலிசி எதிர்பார்ப்பது 'ஹெச்டிடிபிடி_கான்ஃபிக்_டி'. கோப்போ வட்டில் இருக்கிறது. அதன் ஐநோடில் (கோப்பைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பதிவு) எழுதியிருப்பது ஒரே ஒரு லேபிள், 'கன்டெய்னர்_ஃபைல்_டி'. ஹோஸ்ட்டுக்கு அந்தப் பெயர் வேண்டும், குழந்தைக்கு இந்தப் பெயர் வேண்டும், எழுத இருப்பது ஒரே இடம்.

முழுச் சிக்கலும் இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. பாலிசியைப் பிரிப்பது எளிது, ப்ராசஸைப் பிரிப்பதும் எளிது. கோப்பு, சாக்கெட், பகிர்ந்த நினைவகம், சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் தலைப்பதிவு) போன்றவற்றைப் பிரிக்க முடியாது, ஏனென்றால் அவை எந்த எஸ்இலினக்ஸ் நேம்ஸ்பேஸுக்கும் சொந்தமில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே ஐநோடைத் தொடலாம்.

எஸ்இலினக்ஸ் போன்ற இன்னொரு பாதுகாப்பு மாட்யூலான ஆப்ஆர்மரில் நேம்ஸ்பேஸ் முன்பே வந்துவிட்டதன் காரணமும் இதுதான். ஆப்ஆர்மர் கோப்பின் மேல் எதையும் எழுதி வைப்பதில்லை, பாதையைத்தான் பார்க்கிறது. கன்டெய்னரின் ப்ரொஃபைல் (ஆப்ஆர்மரின் விதிப் பட்டியல்) 'ஈடிசிக்குள் இந்தக் கோப்பைப் படிக்கலாம்' என்று சொன்னால் அது கன்டெய்னரின் பாதை, ஹோஸ்ட்டின் ப்ரொஃபைல் தன் விதியைத் தனியாகப் பார்க்கும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டும் அனுமதித்தால்தான் அனுமதி என்று வைத்தார்கள். உபுண்டுவில் 2016 வாக்கிலேயே எல்எக்ஸ்டி கன்டெய்னருக்குள் ஸ்னாப் பேக்கேஜ்கள் தங்கள் சொந்த ஆப்ஆர்மர் ப்ரொஃபைலோடு ஓடின. ஹோஸ்ட்டில் பார்த்தால் கன்டெய்னர் ப்ராசஸின் பெயரே இரண்டு துண்டாகத் தெரியும்: முதலில் ஹோஸ்ட் கன்டெய்னருக்குப் போட்ட ப்ரொஃபைல், அப்புறம் இரண்டு சாய்கோடும் ஒரு 'அண்ட்' குறியும், அதன் பின்னால் கன்டெய்னரின் நேம்ஸ்பேஸ் பெயரும் அதற்குள் இருக்கும் ப்ரொஃபைலும். அதைப் படித்தாலே யார் யாரை அடக்குகிறார்கள் என்பது விளங்கும். பாதையை நம்புவதில் உள்ள பலவீனங்கள் வேறு விஷயம், ஆனால் இந்த ஒன்றில் அந்த அணுகுமுறை தெளிவாக முந்திக்கொண்டது.

லேபிளை நம்பும் இன்னொரு மாட்யூலான ஸ்மேக்கில் 2015-இல் வேறொரு வழியை முயன்றார்கள். சாம்சங் பக்கமிருந்து வந்த பேட்ச்கள் (கெர்னல் நிரலுக்கான திருத்தங்கள்) அவை. யூசர் நேம்ஸ்பேஸில் உள்ளே 0 என்ற பயனர் எண் வெளியே 1,00,000 என்று பொருத்தப்படுவது போல, உள்ளே தெரியும் லேபிள் ஒன்று, வெளியே உண்மையில் இருக்கும் லேபிள் இன்னொன்று என்று ஒரு பொருத்தப் பட்டியல் வைத்தார்கள். ஸ்மேக்கின் லேபிள் வெறும் ஒரு சொல்தான், அதனால் இந்த யோசனை அங்கே அழகாகப் பொருந்தியது. ஆனாலும் அது முதன்மைக் கெர்னலில் சேரவில்லை. எஸ்இலினக்ஸில் இதே முறை ஒத்துவராது என்று நினைக்கிறேன். அங்கே லேபிள் என்பது பயனர், பங்கு, டைப், நிலை என்று நான்கு பாகம் கொண்டது. டைப்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில். உள்ளே இருக்கும் முந்நூறு டைப்களும் வெளியே ஒரே 'கன்டெய்னர்_ஃபைல்_டி'யாக மாற வேண்டும், திரும்பி வரும்போது அந்த முந்நூறும் மறுபடி பிரிய வேண்டும். பொருத்தப் பட்டியலால் அது முடியாது.

எஸ்இலினக்ஸ் நேம்ஸ்பேஸின் முதல் பேட்ச் தொடரை ஸ்டீபன் ஸ்மாலி 2017-இல் வெளியிட்டார். எஸ்இலினக்ஸின் ஆரம்ப நாள் முதல் அதில் இருப்பவர். தொடங்கும் முறை எளிமையானது. எஸ்இலினக்ஸ் கோப்பு முறைமைக்குள் 'அன்ஷேர்' என்று ஒரு கோப்பு இருக்கும், அதில் 1 என்று எழுத வேண்டும். பிறகு மவுன்ட், நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களையும் பிரித்துக்கொண்டு, பழைய எஸ்இலினக்ஸ் கோப்பு முறைமையைக் கழற்றி, புதிதாக ஒன்றை மவுன்ட் செய்தால் அது இந்தக் குழந்தைக்கு உரியது. அதன் வழியாகப் பாலிசியை ஏற்றலாம், நிலையை மாற்றும் 'செட்என்ஃபோர்ஸ்' கொடுக்கலாம். அதற்குப் பிறகு உள்ளே கெட்என்ஃபோர்ஸ் ஒரு பதிலையும் வெளியே கெட்என்ஃபோர்ஸ் இன்னொரு பதிலையும் சொல்லும். பாலிசி ஏற்றும் வரை இருக்கும் இடைவெளி கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று. அப்போது குழந்தைக்கென்று விதி எதுவுமே இல்லை. அந்த நேரத்திலும் தந்தையின் விதி ஒரு நொடிகூட விலகாமல் இருக்க வேண்டும்.

ஐநோட் சிக்கலுக்கு அந்த முதல் தொடரில், நினைவகத்தில் இருக்கும் ஒவ்வொரு ஐநோடுக்கும் நேம்ஸ்பேஸுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பாதுகாப்புக் குறிப்பு வைக்கும் வழியை எடுத்தார்கள். வேலை செய்யும், ஆனால் கனமானது. லட்சக்கணக்கான ஐநோடுகள் நினைவகத்தில் இருக்கும் சர்வரில், நூறு கன்டெய்னர் இருந்தால் எத்தனை குறிப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சரியானதைத் தேடவும் வேண்டும்.

பிற்காலத் தொடரில் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எஸ்இலினக்ஸ் கெர்னலுக்குள் லேபிளை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, 32 பிட் எண்ணாக வைத்துக்கொள்கிறது. அதற்கு எஸ்ஐடி என்று பெயர். எந்த எண்ணுக்கு எந்த லேபிள் என்பது பாலிசியோடு சேர்ந்த ஒரு அட்டவணையில் இருக்கும். பாலிசி பல ஆனால் அட்டவணையும் பல ஆகும், ஒரு பாலிசியில் 812 என்ற எண் இன்னொன்றில் வேறு எதையோ குறிக்கும், ஐநோடில் எந்த எண்ணை எழுதி வைப்பது? இதற்கு அவர்கள் கண்ட விடை, எல்லா நேம்ஸ்பேஸுக்கும் பொதுவாக ஒரு உலக அட்டவணை. ஐநோடில் இருப்பது உலக எண். அது குறிப்பது லேபிளின் எழுத்து வடிவத்தை மட்டுமே, பொருளை அல்ல. சரிபார்க்கும் நேரத்தில் ஒவ்வொரு நேம்ஸ்பேஸும் அந்த எண்ணைத் தன் உள்ளூர் எண்ணாக மாற்றி, தன் பாலிசியின்படி பொருள் கொள்ளும். ஐநோட் குறிப்பு ஒன்றே போதும்.

குழந்தையின் பாலிசிக்குத் தெரியாத லேபிள் வந்தால்? அது 'அன்லேபிள்டு' என்று கருதப்படும். இதற்கான அடித்தளம் புதிதல்ல. 2008-இல் 2.6.27 பதிப்பிலேயே, ஏற்றியிருக்கும் பாலிசிக்குத் தெரியாத லேபிளையும் தூக்கி எறியாமல் எழுத்தாகப் பாதுகாத்து வைக்கும் வசதி வந்துவிட்டது. வேறொரு டிஸ்ட்ரோவுக்கான வட்டுப் பிம்பத்தை உருவாக்குபவர்களுக்கு அது தேவைப்பட்டது. அன்று அதற்காகச் செய்தது இன்று இங்கே உதவுகிறது.

ஆனால் வட்டில் ஒரே லேபிள் என்ற சிக்கல் இதனால் தீரவில்லை. உள்ளே ஒருவர் 'ரீஸ்டோர்கான்' ஓட்டி எல்லாக் கோப்புக்கும் தன் பாலிசிப்படி லேபிள் போட நினைத்தால், அவர் மாற்றுவது ஹோஸ்ட்டின் லேபிளையும்தான். ஹோஸ்ட் பாலிசி அதை மறுக்கும், மறுக்கவும் வேண்டும். நேம்ஸ்பேஸுக்கு ஒன்றாகப் பல நீட்டிப்புப் பண்புகளை (கோப்போடு சேர்த்து வைக்கும் கூடுதல் குறிப்புகள், லேபிள் இருப்பது இதில்தான்) வட்டிலேயே எழுதலாம் என்று கெர்னல் நிரலாளர் ஜேம்ஸ் மோரிஸ் அந்த முதல் தொடரின் காலத்திலேயே ஒரு யோசனையை முன்வைத்தார். கோப்பின் கேப்பபிலிட்டிகளுக்கு (ரூட் அதிகாரத்தின் தனித்தனித் துண்டுகள்) 4.14 பதிப்பில் இதைப் போன்ற ஒன்றைச் செய்திருக்கிறார்கள், எந்த யூசர் நேம்ஸ்பேஸின் ரூட்டுக்கு உரியது என்பது பண்புக்குள்ளேயே பதிந்திருக்கும். எஸ்இலினக்ஸ் லேபிளுக்கு இது அவ்வளவு சுலபமில்லை. இஎக்ஸ்டி4-இல் ஒரு ஐநோடின் வழக்கமான அளவு 256 பைட். அதில் மிஞ்சும் இடத்தில் ஒரு லேபிள் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், கூடுதலாக வட்டைப் படிக்கத் தேவையில்லை. இரண்டாவது, மூன்றாவது லேபிள் வந்தால் தனி பிளாக்குக்குப் போகும், ஒவ்வொரு கோப்புக்கும் இன்னொரு வட்டு வாசிப்பு. கன்டெய்னரை அழித்த பிறகு அந்த நேம்ஸ்பேஸின் லேபிள்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் வட்டில் கிடக்கும், யார் பெருக்குவது? குழந்தைக்கென்று தனிக் கோப்பு முறைமை கொடுத்து, அதற்குள் இருக்கும் லேபிள்களைக் குழந்தையிடமே விட்டுவிட்டு, ஹோஸ்ட் அந்த முழு மவுன்ட்டையும் ஒரே பொருளாக நடத்துவதுதான் நடைமுறைக்கு ஏற்றது என்பது என் எண்ணம்.

கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒரு ப்ராசஸ், யூனிக்ஸ் சாக்கெட் வழியாக அந்தத் திறந்த கைப்பிடியையே இன்னொரு ப்ராசஸுக்குக் கொடுக்கலாம். எஸ்இலினக்ஸ் இதையும் சரிபார்க்கும். திறந்தவரின் லேபிள் கைப்பிடியோடு சேர்ந்தே இருக்கும், வாங்குபவருக்கு அதைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று கேட்கும். ஹோஸ்ட்டில் திறந்த கைப்பிடியைக் குழந்தைக்குள் இருக்கும் ப்ராசஸ் வாங்கினால், ஹோஸ்ட் மட்டத்தில் இருவருக்கும் லேபிள் இருக்கிறது, கேள்விக்குப் பதில் உண்டு. குழந்தை மட்டத்தில் திறந்தவருக்கு லேபிளே இல்லை, அவர் அந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. அனுமதிப்பதா, மறுப்பதா, அன்லேபிள்டு என்று கருதுவதா? சிக்னல் அனுப்பும்போதும், ஒரு ப்ராசஸ் இன்னொன்றைக் கண்காணிக்கும் பிட்ரேஸ் செய்யும்போதும் இதே கேள்வி வரும். இப்படிப்பட்ட மாட்யூல்களைக் கெர்னலில் இணைக்கும் எல்எஸ்எம் கட்டமைப்பில் இருநூறுக்கும் மேற்பட்ட ஹுக்குகள் (சரிபார்ப்புக்காகக் கெர்னல் நின்று கேட்கும் இடங்கள்) இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, இதில் யார் லேபிள், எந்த மட்டத்தில், எந்தத் திசையில் என்று யோசித்து மாற்ற வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் அது ஒரு ஓட்டை.

வேகம் இன்னொரு கவலை. எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு முறையும் பாலிசியைப் புரட்டுவதில்லை, சமீபத்தில் கேட்ட கேள்வி பதில்களை ஏவிசி என்ற கேஷில் வைத்திருக்கும், இயல்பான அளவு 512. நேம்ஸ்பேஸுக்கு ஒரு ஏவிசி என்று ஆனால், மூன்று மட்டம் ஆழத்தில் ஒரு ஓபன் அழைப்புக்கு மூன்று கேஷில் தேட வேண்டும். இந்த வேலைக்கு முன்னேற்பாடாக 2018-இல் எஸ்இலினக்ஸின் உலகளாவிய மாறிகளை எல்லாம் ஒரே கட்டமைப்புக்குள் சேர்த்து, அதன் பாயின்டரை (இருப்பிடக் குறிப்பை) ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கையோடு கொடுத்து அனுப்பும்படி மாற்றினார்கள். நேம்ஸ்பேஸ் வரவில்லை, பாயின்டர் மட்டும் ஐந்து வருடம் ஊர்வலம் போனது. 2023-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ் இதைக் கவனித்து, பயன் எதுவும் இல்லாமல் இது சுமையாக இருக்கிறது என்று சுட்டிக்காட்டினார். ஸ்மாலியே தன் பழைய மாற்றத்தைத் திரும்ப எடுத்தார். அந்த கமிட்டைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் முடிவு சரிதான். பயன்படாத பொதுமையைச் சரிபார்ப்பின் சூடான பாதையில் வைத்திருக்க யாருக்கும் உரிமையில்லை. பிறகு அவரே வேலையை மறுபடி கையில் எடுத்தார். இம்முறை எங்கெல்லாம் உண்மையில் தேவையோ அங்கே மட்டும் நேம்ஸ்பேஸை நுழைத்து, தந்தைவரை ஏறிப்போய்ச் சரிபார்க்கும் ஃபங்ஷன்களைத் தனியாக எழுதி, தேவையில்லாதவர்கள் கெர்னலைக் கட்டும்போதே விட்டுவிடும்படி செய்தார்.

யார் நேம்ஸ்பேஸ் உருவாக்கலாம் என்பதும் லேசான விஷயமல்ல. யூசர் நேம்ஸ்பேஸில் சாதாரணப் பயனருக்கும் திறந்துவிட்டதால் வந்த தொல்லைகளை இன்றுவரை பார்க்கிறோம். 6.1 பதிப்பில் அதைப் பாதுகாப்பு மாட்யூல்கள் தடுக்க ஒரு ஹுக்கே சேர்க்க வேண்டியதாயிற்று, உபுண்டு 24.04 ஆப்ஆர்மர் மூலம் அதைக் கட்டுப்படுத்துகிறது. எஸ்இலினக்ஸில் பாலிசி ஏற்றுவது என்றால் கெர்னல் ஒரு பைனரிக் கோப்பைப் பிரித்துப் படிக்கிறது என்று பொருள். அந்தப் பிரிக்கும் நிரல், ஏற்றுபவர் நம்பகமான நிர்வாகி என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. கன்டெய்னருக்குள் இருக்கும் ரூட் அந்த நம்பகமான ஆள் இல்லை. வேண்டுமென்றே கெடுத்த பாலிசியைக் கொடுத்துப் பார்ப்பார், ஆயிரம் நேம்ஸ்பேஸ் உருவாக்கி ஒவ்வொன்றிலும் பல மெகாபைட் பாலிசி ஏற்றி நினைவகத்தை நிரப்பப் பார்ப்பார். அதனால்தான் எண்ணிக்கைக்கும் ஆழத்துக்கும் வரம்பு வைக்கிறார்கள், பிரித்துப் படிக்கும் நிரலையும் இறுக்க வேண்டியிருக்கிறது.

புதிய ப்ராசஸை உருவாக்கும் குளோன் அழைப்பில் மற்ற நேம்ஸ்பேஸ்களைப் போல ஒரு கொடி (ஃபிளாக்) சேர்க்கக் கூடாதா என்றால், அங்கே இடமே இல்லை. டைம் நேம்ஸ்பேஸுக்கே பழைய குளோனில் இடம் கிடைக்காமல் அன்ஷேர், குளோன்3 வழியாகத்தான் கொடுத்தார்கள். தவிர, எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர், ஸ்மேக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி கொடுக்க முடியாது. 6.8 பதிப்பில் எல்லா மாட்யூல்களுக்கும் பொதுவான எல்எஸ்எம் அழைப்புகள் வந்தன. அந்த வழியில் நேம்ஸ்பேஸுக்கும் ஒரு பொது இடைமுகம் எப்படி இருக்க வேண்டும் என்ற விவாதத்தை, எல்எஸ்எம் பராமரிப்பாளர் பால் மூர் 2025-இல் தொடங்கினார். எஸ்இலினக்ஸ் கோப்பு முறைமையில் 1 என்று எழுதுவது சோதனைக்குச் சரி. கன்டெய்னர் இயக்கிகளை எழுதுபவர்கள் பத்து வருடம் நம்பியிருக்க அது போதாது.

சரி, உங்கள் சர்வருக்கு வருவோம். இன்று கையில் இருப்பதை வைத்தே நிறையச் செய்யலாம். 'கன்டெய்னர்_டி' உங்களுக்கு இறுக்கமாகவோ தளர்வாகவோ இருந்தால், யூடிகா என்ற கருவி உங்கள் கன்டெய்னரின் அமைப்பைப் படித்து அதற்கென்று தனி டைப்பை எழுதிக் கொடுக்கும். நான்கு சேவைகள் ஒரே கன்டெய்னரில் இருந்தால் நான்கு கன்டெய்னராகப் பிரியுங்கள், அப்போதே நான்கு ஜோடி கேட்டகரி கிடைத்துவிடும். உள்ளே இருக்கும் நிரல் உங்களுடையது என்றால், நிரல் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் லேண்ட்லாக் இருக்கிறது. 5.13 முதல் கெர்னலில் உள்ளது, நிர்வாகி உரிமை தேவையில்லை, 16 அடுக்கு வரை போடலாம், ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைக் குறுக்க மட்டுமே முடியும். முழு இயங்குதளத்துக்கும் தனிப் பாலிசி வேண்டுமென்றால் இப்போதைக்கு விர்ச்சுவல் மெஷின்தான், அதற்கென்று தனிக் கெர்னல் இருப்பதால் இத்தனை சிக்கலும் இல்லை.

வால்யூம்களில், அதாவது கன்டெய்னருக்குள் இணைக்கும் ஹோஸ்ட் கோப்பகங்களில், பெரிய எழுத்து 'இஸட்' (Z) விருப்பத்தைப் போடும்போது மட்டும் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். அது அந்தக் கோப்பகம் முழுவதற்கும் கன்டெய்னரின் லேபிளை நிரந்தரமாக எழுதிவிடும். ஒரு முறை நான் அவசரத்தில் ஒரு சர்வரின் முழு ஹோம் கோப்பகத்தையும் அப்படி இணைத்துவிட்டேன். கன்டெய்னர் நன்றாக ஓடியது. மறுநாள் காலை யாராலும் எஸ்எஸ்ஹெச் சாவி வைத்து உள்ளே வர முடியவில்லை, சாவிக் கோப்புகள் எல்லாம் 'கன்டெய்னர்_ஃபைல்_டி' ஆகியிருந்தன, எஸ்எஸ்ஹெச் சேவைக்கு அதைப் படிக்க அனுமதி இல்லை. கன்சோல் வழியாக நுழைந்து ஹோம் முழுக்க ரீஸ்டோர்கான் ஓட்டியதும் சரியானது. ஒரு கோப்புக்கு ஒரு லேபிள்தான் என்பதன் விலை எனக்கு அன்றுதான் கையில் பட்டது. பல கன்டெய்னர்கள் பகிர வேண்டிய கோப்பகம் என்றால் சின்ன எழுத்து 'இஸட்', ஒரே கன்டெய்னருக்கு என்றால் பெரிய எழுத்து, இரண்டையும் அதற்கென்றே உருவாக்கிய கோப்பகத்தின் மேல் மட்டும் போடுங்கள்.